கடைசி மூன்று நாளிலிருந்து தொடங்குங்கள்: தோட்டப்புற வீடுகளுக்கான இரு வாரச் சமையல் திட்டம்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தைப் போன்ற தோட்டப்புறங்களுக்கு ஆசிரியராகவோ, அலுவலகப் பணியாளராகவோ, மருமகளாகவோ புதிதாக வந்து சேர்கிறவர்களுக்கு முதல் இரண்டு மாதங்களில் மிகுந்த சிரமம் தருவது சமையலறைதான். வெங்காயம் தீர்ந்தால் தெருமுனைக் கடைக்குப் போய் வாங்கிவந்து பழகியவர்களால், மளிகைக் கடையின் வேன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உள்ளே வருகிற, காய்கறி லோரி வாரத்தில் ஒரு நாள் வந்து மழை பிடித்தால் அதுவும் வராமல் போகிற ஓர் இடத்தில், என்ன சமைப்பது என்பதை அன்றன்றைக்கு முடிவு செய்ய முடியாது. சிறுநகரத்தில் கடைகள் உண்டு. ஆனால் கையில் வாகனம் இல்லாதவர்களுக்கும், வேலை முடிந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கும் அவை எட்டாத தூரத்தில்தான் இருக்கின்றன.

நான்கு பேர் கொண்ட வீடு, இரு வாரத்துக்கு ஒரு மளிகை ஆர்டர், வாரம் ஒருமுறை காய்கறி லோரி, சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று என்ற நிலையை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். உங்கள் இடத்தில் வேன் வாரந்தோறும் வருமானால் அளவுகளைப் பாதியாக்கிக் கொள்ளுங்கள், முறை மாறாது.

அந்த முறை இதுதான்: பட்டியலைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். பெரும்பாலோர் பொருள் வந்திறங்கும் நாளிலிருந்து முன்னோக்கி எழுதுகிறார்கள். முதல் நாள் மீன், மறுநாள் கோழி, அதற்கடுத்த நாள் கீரை என்று நன்றாகத் தொடங்கிப் பத்தாம் நாளில் முட்டையும் வெங்காயமும் மட்டும் மிஞ்சுகின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் நாட்களில் வீட்டில் எது கெடாமல் இருக்கும், அதை வைத்து எந்த மூன்று சமையலைப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், முன் நாட்கள் தாமாகவே அமைந்துவிடும்.

முதலில், வண்டிகள் வரும் நாட்கள்

குடிவந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டு அக்காவிடமோ அலுவலகக் கிராணியிடமோ கேட்டு, நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. மளிகை வேன் எந்தக் கிழமை வருகிறது, ஆர்டரை எந்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும், காய்கறி லோரி காலையிலா மாலையிலா, மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வருகிறாரா, ரொட்டிக்காரர் எப்போது வருகிறார், கம்பத்தில் (அருகிலுள்ள சிறுநகரில்) இரவுச் சந்தை எந்தக் கிழமை என்பவை அவை. லோரி முதலில் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நிற்கிறது என்பதையும் கேளுங்கள். கடைசியாக நிற்கும் இடத்தில் வாங்குகிறவருக்குக் கீரையும் தக்காளியும் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. லோரிக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் தனியாக எடுத்து வைப்பார்.

சம்பள நாளையும் அதே நாட்காட்டியில் எழுதுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஊதியக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்பதால், மாதத்தின் முதல் வாரத்தில்தான் தோட்டத்துக் குடும்பங்களின் கையில் பணம் இருக்கும். அந்த வாரத்தில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுப்பதால் கடையில் பொருள் குறைவதும் வேன் தாமதமாவதும் இயல்பு. அரிசி, எண்ணெய், பருப்பு, டின் உணவு போன்ற கனமான ஆர்டரை முடிந்தால் மாத நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் 555 புத்தகத்தில் கடன் எழுதி வாங்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அவசரத்துக்கு அது கைகொடுக்கும். ஆனால் கடனில் வாங்கும்போது வீட்டுக்குத் தேவையானதை விட்டுவிட்டுக் கடையில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் போக்கு வந்துவிடுகிறது என்பது நான் பலகாலம் பார்த்த உண்மை. கடன் வைத்தால், அதே கணக்கை உங்கள் வீட்டிலும் ஒரு புத்தகத்தில் அன்றைக்கே எழுதி வையுங்கள். சாரா எனும் அரசின் அடிப்படைப் பொருள் உதவித்தொகை பெறுகிறவர்கள், பதிவுபெற்ற கடைக்கு மைகாட் அடையாள அட்டையுடன் போய் வாங்க வேண்டியிருப்பதால், அதற்குரிய பொருட்களை வேன் பட்டியலில் சேர்க்காமல் கம்பத்துக்குப் போகும் நாளுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

எங்கே வைப்பது என்று பார்த்த பிறகே எவ்வளவு வாங்குவது

செம்பனைத் தோட்டங்களில் எலி அதிகம். தோட்ட நிர்வாகங்கள் கூட்டுப் பெட்டி வைத்து வெண்ணாந்தை வளர்ப்பதே எலியைக் குறைப்பதற்காகத்தான். ஆகவே, பத்துக் கிலோ அரிசி மூட்டையைச் சுவரோரத் தரையில் சாய்த்து வைக்கும் பழக்கம் இங்கே உதவாது. இறுக்கமான மூடி கொண்ட தகர டின்னோ தடித்த பிளாஸ்டிக் தோம்போ இரண்டு வாங்கி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். எறும்புக்கு அலமாரியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய முறையே போதும். நீரை மட்டும் வாரம் இருமுறை மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

அரிசியில் வண்டு விழுவது நம் ஈரப்பத வானிலையில் தவிர்க்க முடியாத தொல்லை. முட்டைகள் பெரும்பாலும் மூட்டையோடு கூடவே வருகின்றன. உறைபெட்டியில் இடம் இருந்தால் அரிசி, ரவை, கடலை மாவு ஆகியவற்றைச் சிறு பைகளாகப் பிரித்து நான்கு நாட்கள் உறையவைத்து எடுத்து, பையைத் திறக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பிறகு டின்னில் கொட்டுங்கள். புதிய அரிசியைப் பழைய அரிசியின் மேல் கொட்டாதீர்கள். பழையது தீர்ந்து டின்னைத் துடைத்த பிறகே புதியது.

குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டிக்குத் தனிக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். தனிக் கதவு உள்ளவை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை வரை குளிரும். அதில் மீனை இரண்டு மாதம் வரை வைக்கலாம். உள்ளேயே சிறு அறையாக இருப்பவை அந்தக் குளிருக்குப் போவதில்லை. அதில் வைக்கும் மீனையும் கோழியையும் ஒரு வாரத்துக்குள் சமைத்துவிடுங்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்தே உங்கள் இரண்டாம் வாரத்தில் மீன் உண்டா, கருவாடு மட்டும்தானா என்பது அமையும்.

எது எத்தனை நாள் தாங்கும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். திட்டம் முழுவதும் இதன்மீதுதான் நிற்கிறது. கேமரன் மலையிலிருந்து இறங்கும் காய்கறி சிம்பாங் பூலாய்ச் சாலை வழியாக ஈப்போவுக்கு வந்து, அங்கிருந்து சிறுநகரத்துக்கும், பிறகு லோரியில் தோட்டத்துக்கும் வருவதற்குள் அதன் ஆயுளில் ஓரிரு நாட்கள் கழிந்துவிடும். அதனால் நகரத்து வீடுகளில் தாங்கும் காலத்தை இங்கே அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

முதலில் வாடுவது கீரை. தண்டுக்கீரை, கங்கோங் (வள்ளைக்கீரை), சாவி (கடுகு இனக் கீரை) ஆகியவற்றை வாங்கிய மூன்று நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும். கழுவாமல், பழைய செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தால் இன்னொரு நாள் கூடும். புதிய மீனும் கோழியும் உறையவைக்காமல் இரண்டு நாளுக்கு மேல் வைக்கத் தக்கவையல்ல. அவித்த மீ (நூடுல்ஸ்), பன் ரொட்டி, தாவூ (சோயாக் கட்டி) ஆகியவையும் இந்த முதல் வரிசையில்தான் சேரும்.

அடுத்த வரிசையில் வெண்டை, பயற்றங்காய், பாகல், பீர்க்கு, கத்தரி ஆகியவை நான்கைந்து நாள் தாங்கும். வெண்டையை ஈரத்தோடு வைத்தால் மறுநாளே வழவழத்துவிடும். தக்காளியைப் பாதிக் காயாகக் கேட்டு வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைத்துப் பழுக்கவிடுங்கள். பழுத்ததை மட்டும் உள்ளே வையுங்கள். இப்படிச் செய்தால் ஒரு கிலோ தக்காளி பத்து நாள் வரை வரும். வாழைக்காய் ஒரு வாரம் இருக்கும். இலை நீக்கிய முள்ளங்கியும் அவ்வாறே, சில நாள் கூடவும் இருக்கும்.

மூன்றாவது வரிசைதான் நம்மைக் காப்பாற்றுவது. வெட்டாத முட்டைக்கோஸ், காரட் ஆகியவை குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். முட்டைக்கோஸை இரண்டாக வெட்டாமல், வெளி இலையிலிருந்து ஒவ்வொன்றாக உரித்துப் பயன்படுத்தினால் எஞ்சியது கறுக்காது. வெட்டாத மஞ்சள் பூசணியும் சாம்பல் பூசணியும் காற்றோட்டமான மூலையில் ஒரு மாதம்கூட இருக்கும். சேனை, கருணை, உருளை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்குக் குளிர்ச்சி வேண்டாம், இருட்டும் காற்றும் போதும். உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள்; ஒன்றோடொன்று சேர்ந்தால் இரண்டும் விரைவில் முளைவிட்டு அழுகும். பச்சை நிறம் ஏறிய உருளையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிழங்கு என்பதால் நெடுநாள் இருக்கும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மண்ணிலிருந்து பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலக் கோடு விழுந்து கெட்டுவிடும். பிடுங்கிய அன்றே தோலுரித்துத் துண்டாக்கி உறையவைப்பதுதான் சரி. இல்லையென்றால் தேவையான அன்று மட்டும் பிடுங்க வேண்டும். உள்தோல் முழுவதையும் நீக்கி, திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, வேகவைத்த நீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கை உண்ணவே கூடாது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1941-இன் இறுதி முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் தோட்டத்து மக்கள் இந்தக் கிழங்கை வைத்தே உயிர் தரித்தார்கள். அதற்குப் பிந்திய அவசரகாலத்தில் அரிசிக்கு அளவு விதிக்கப்பட்டது. சில இடங்களில் சமைத்த சோறாக மட்டுமே கொடுத்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகாமலிருக்க, விற்கும் டின்னைக் கடைக்காரரே துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. சேமித்து வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட அந்த நாட்களைக் கடந்து வந்த தலைமுறையிடம் சிக்கனச் சமையலின் நுணுக்கங்கள் நிறைய உண்டு. உங்கள் லயத்தில் வயதான பாட்டி யாரேனும் இருந்தால் சென்று கேளுங்கள்.

நான்காவது வரிசை உலர்ந்தவையும் டின்னில் அடைத்தவையும்: பருப்பு வகை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, நெத்திலி, கருவாடு, சார்டின் டின், சோயா உருண்டை, சுண்டை வத்தல், மணத்தக்காளி வத்தல், அப்பளம், பெட்டியில் வரும் தேங்காய்ப்பால். கருவாட்டை வாங்கியதும் ஒரு வெயிலில் காயவைத்து, காகிதத்தில் சுற்றி டின்னில் வைத்தால் மற்றப் பொருட்களுக்கு வாடை ஏறாது.

பின்னோக்கி எழுதும் பட்டியல்

இப்போது தாளை எடுத்து அடியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். பதினான்காம் நாளுக்கு மூன்றாவது, நான்காவது வரிசைகளிலிருந்து மட்டுமே எடுக்கலாம் என்பது விதி. எங்கள் பக்கத்து வீடுகளில் வழக்கமாக அமைவது, உருளை போட்ட கருவாட்டுக் குழம்பும் முளைகட்டிய பச்சைப்பயற்றுப் பொரியலும். பயற்றை எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நம் வெப்பத்தில் ஒன்றரை நாளில் முளைத்துவிடும். அளவும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். பச்சைக்காய் எதுவும் இல்லாத நாளில் கடித்து மெல்ல ஒன்று இருப்பது பெரிய நிறைவு. முளையைப் பச்சையாக உண்ணாமல் வதக்கியே உண்ணுங்கள். பதினான்காம் நாளுக்கு முளை வேண்டுமென்றால் பன்னிரண்டாம் நாளிலேயே ஊறவைக்க வேண்டும் என்பதையும் அந்தத் தேதியில் எழுதுங்கள்.

பதின்மூன்றாம் நாள் சார்டின் சம்பலும் முட்டைக்கோஸ் பொரியலும். பன்னிரண்டாம் நாள் மஞ்சள் பூசணி போட்ட பருப்புக் குழம்பு, அப்பளம், முட்டை. மரக்கறி வீடுகளில் கருவாட்டுக்குப் பதில் வத்தல் குழம்பும், சார்டினுக்குப் பதில் கொண்டைக்கடலை அல்லது சோயாவும் வரும். இந்த மூன்று நாட்களுக்கும் வேண்டிய பொருளைத் தனிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். எட்டாம் நாளில் சோம்பல் வந்து சார்டின் டின்னைத் திறக்கும் கை, கட்டிய பையைக் கண்டால் நின்றுவிடும். இதைத் தவிர, வேன் வராமல் போனால் மூன்று நாளைக்கு ஆகும் அரிசி, பருப்பு, டின், நெத்திலி ஆகியவற்றை இன்னொரு பையில் நிரந்தரமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சமைத்துவிட்டுப் புதியதை வைத்தால் காலாவதி ஆகாது.

கடைசி மூன்று நாள் முடிந்த பிறகு எட்டு முதல் பதினொன்று வரை எழுதுங்கள். ஏழாம் அல்லது எட்டாம் நாளில் காய்கறி லோரி வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த நாட்களுக்கு வெண்டையும் பயற்றங்காயும் கீரையும் எழுதலாம். ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் லோரி வராவிட்டால் என்ன என்பதை எழுதாமல் விடாதீர்கள். கீரைக் கூட்டு என்று எழுதினால் அருகில் காரட்–பாசிப்பருப்புக் கூட்டு என்று எழுதுங்கள். உறைந்த மீனில் பாதியை இந்தப் பகுதிக்கு ஒதுக்குங்கள். நடுவில் ஒரு நாள் இட்லிக்கும் மறுநாள் தோசைக்கும் வைத்தால் அரிசி, உளுந்து ஆகிய இரண்டே பொருளில் இரு வேளை கழியும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அரைத்துப் புளிக்கவைத்த மாவு குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நாள் தாராளமாக இருக்கும்.

முதல் ஐந்தாறு நாட்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வரிசைப் பொருட்களை மூன்று நாளிலும் இரண்டாம் வரிசையை அடுத்த நாட்களிலும் தீர்த்துவிடுங்கள். நல்ல காரட்டும் முட்டைக்கோஸும் கண்ணில் பட்டாலும் முதல் வாரத்தில் தொட வேண்டாம்.

அளவு

பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, பிள்ளைக்கு அதில் பாதி என்று கொண்டால், இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் கொண்ட வீட்டில் ஒரு வேளைக்கு 300 கிராம். நாளைக்கு இரண்டு வேளை சோறு என்றால் 14 நாளுக்கு 8.4 கிலோ, அதாவது பத்துக் கிலோ மூட்டை ஒன்று போதும், சிறிது மிஞ்சும். ஒரு முறை பருப்பு வேகவைக்க 150 முதல் 200 கிராம்; இரு வாரத்தில் ஏழு முறை என்றால் ஒன்றேகால் கிலோவை ஒட்டி வரும். பெரிய வெங்காயம் இரண்டரைக் கிலோ, முப்பது முட்டை கொண்ட ஒரு தட்டு, எண்ணெய் இரண்டு கிலோ என்று தொடங்கி, இரண்டு சுற்று முடிந்ததும் உங்கள் வீட்டுக்கேற்பத் திருத்துங்கள். மசாலைத் தூளைப் பெரிய பையாக வாங்குவது சிக்கனம் போலத் தெரிந்தாலும், நம் ஈரப்பதத்தில் மணம் போய்விடும். 250 கிராம் பையே நல்லது.

எரிவாயுவையும் இதே பட்டியலில் சேருங்கள். 14 கிலோ தோம்பு தீரும் நாள் வேன் வரும் நாளோடு ஒத்துப்போவதில்லை. இடமும் பணமும் இருந்தால் இரண்டாவது தோம்பு ஒன்றை வைத்துக்கொள்வதும், பருப்பு, கடலை, கிழங்கு ஆகியவற்றைப் பிரஷர் குக்கரில் வேகவைப்பதும் பயன் தரும். மரவள்ளி மட்டும் அதில் வேண்டாம்.

ஆர்டர் எழுதும் விதம்

கடைக்காரருக்கு உங்கள் சமையல் திட்டம் தெரியாது. ஒரு பொருள் இல்லையென்றால் அவருக்குத் தோன்றியதைப் போட்டு அனுப்புவார், அல்லது ஒன்றும் போடாமல் அனுப்புவார். ஆகவே ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் மாற்றைக் குறிப்பிட்டுப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணே. மூன்றாம் லயம், கடைசி வீடு. பெரிய வெங்காயம் 2 கிலோ 500 கிராம். இல்லாவிட்டால் சின்ன வெங்காயம் 1 கிலோ. துவரம் பருப்பு 1 கிலோ. இல்லாவிட்டால் மைசூர்ப் பருப்பு 1 கிலோ. முட்டை ஒரு தட்டு, எந்தக் கிரேடாக இருந்தாலும் சரி. சார்டின் பெரிய டின் 3. சிறிய டின் வேண்டாம். தேங்காய்ப்பால் 200 மில்லி பெட்டி 4, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வேன் புறப்படும் முன் மொத்தக் கணக்கைச் சொல்லுங்கள் அண்ணே.”

கடை சீனத் தவுக்கேயுடையது (முதலாளியுடையது) என்றால் இதையே மலாயில் எழுதுங்கள். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுப்பது இன்னும் நல்லது; சில கடைகள் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்தால் வேனை அனுப்புவதில்லை, மேலும் ஒரு முழுப் பூசணியையோ ஒரு பெட்டி தக்காளியையோ பகிர்ந்துகொள்ளலாம். இணையத்தில் வாங்குவது உலர்ந்த பொருட்களுக்கு மட்டும் பொருந்தும். லயத்து வீடுகளுக்குத் தெளிவான தெரு முகவரி இல்லாததால் பொட்டலம் அலுவலகத்திலோ கம்பத்திலோ தங்கிவிடுவது உண்டு. முகவரியில் தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் லய எண்ணையும் எழுதி, அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பொருள் வந்திறங்கும் நாள்

அன்று மாலை இரண்டு மணி நேரத்தை வேறு வேலைக்குக் கொடுக்காதீர்கள். வேன் நிற்கும்போதே விலைச்சீட்டைப் பொருளோடு ஒப்பிட்டு, டின்களில் காலாவதி நாளையும் நசுங்கலையும், முட்டைகளில் விரிசலையும் பார்த்துவிடுங்கள். உள்ளூர் வெள்ளை அரிசி பத்துக் கிலோவுக்கு 26 ரிங்கிட் என்றும், ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2.50 ரிங்கிட் என்றும் உச்சவரம்பு விலை இருப்பதை நினைவில் வையுங்கள். அதற்கு மேல் எழுதியிருந்தால் மரியாதையாகக் கேட்கலாம்.

முதல் வேலை மீனும் கோழியும். பந்தாய் ரெமிஸ், கோலா செப்பெத்தாங் போன்ற கரைகளிலிருந்து வரும் மீன் பனிக்கட்டியோடு வந்தாலும், மோட்டார் சைக்கிள் பெட்டியில் அது உருகிக்கொண்டே வருகிறது. கழுவிச் சுத்தம் செய்து, மஞ்சளும் உப்பும் தடவி, ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். தட்டையான பை விரைவில் உறையும், விரைவில் உருகும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும் முடியும். ஒவ்வொன்றிலும் தேதி எழுதுங்கள். உருகிய மீனை மறுபடி உறையவைக்கக் கூடாது. சமைக்கும் நாளுக்கு முந்திய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். துருவிய தேங்காய், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவையும் உறைபெட்டியில் நன்றாக இருக்கும். பயற்றங்காய் மிகுந்துவிட்டால், கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் ஆறவைத்து, ஈரம் வடித்து உறையவையுங்கள்.

மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உச்சி வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். சோற்றில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

வீட்டுக் கொல்லை

லயத்துக் கொல்லையில் நான்கடி நிலம் கிடைத்தாலும் கறிவேப்பிலை, மிளகாய், பண்டான், முருங்கை நான்கையும் நடுங்கள். நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை. தண்டுக்கீரை விதைத்து 25 முதல் 30 நாளில் பறிக்கலாம் என்பதால், ஒவ்வொரு ஆர்டர் நாளிலும் ஒரு பாத்தி விதைத்தால் இரண்டு சுற்றுக்குப் பிறகு இரண்டாம் வாரத்துக்குரிய கீரை எப்போதும் கையில் இருக்கும். கடையில் வாங்கிய கங்கோங்கின் தண்டை நட்டாலே வேர் பிடிக்கும். மாடுகள் மேயும் இடமானால் வேலி இல்லாமல் ஒன்றும் மிஞ்சாது.

செம்பனை நிரைகளுக்கிடையே முளைத்திருக்கும் கீரையையும் பாக்கு எனப்படும் பெரணிச் செடியின் கொழுந்தையும் பறித்துச் சமைக்கும் ஆசை புதியவர்களுக்கு வரும். அங்கே களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. பாராகுவாட்டை மலேசியா 2020 முதல் தடைசெய்துவிட்டது என்றாலும் வேறு மருந்துகள் பயன்பாட்டில் உள்ளன. எப்போது தெளித்தார்கள் என்று மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) கேட்டு உறுதி செய்யாமல் நிரைக்குள் எதையும் பறிக்காதீர்கள். கேட்டாலும் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

திட்டம் குலையும் காலங்கள்

மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் கீழ்த்தட்டுகள் நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள் வரையும், பாதி நிறைந்தது ஒரு நாள் வரையும் தாங்கும். இடம் மிஞ்சினால் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து நிரப்புங்கள். உறைபெட்டியில் ஒரு கோப்பை நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு காசை வையுங்கள். வெளியூர் போய்த் திரும்பும்போது காசு அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். மீனையும் கோழியையும் எறிந்துவிடுங்கள்.

நாடு முழுதும் தட்டுப்பாடு வரும் காலங்களும் உண்டு. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி விலை ஏற, எல்லாரும் உள்ளூர் அரிசிக்குத் திரும்பியதில் அது கடைத்தட்டுகளில் காணாமல் போனது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியையும் நிறுத்தியது. இத்தகைய செய்தி வந்ததும் மூட்டை மூட்டையாக வாங்க வேண்டாம். கடைசியில் வாங்க வருகிற வீட்டுக்கு ஒன்றும் இருக்காது. ஒரு சுற்றுக்கு மட்டும் கூடுதலாக வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு வேளை சோற்றைச் சப்பாத்திக்கோ கிழங்குக்கோ மாற்றினால் போதும். ஒரு கிலோ ஆட்டா மாவில் முப்பதுக்குக் குறையாமல் சப்பாத்தி வரும். வெங்காயத்துக்கு மாற்றாக முட்டைக்கோஸை மெல்லியதாக அரிந்து வதக்கினால் குழம்பு கெட்டியாகும். மணம் மட்டும் குறையும்.

ஆண்டுதோறும் தவறாமல் வரும் இடைவெளிகளை நாட்காட்டியில் முன்பே குறித்துவிடலாம். வடகிழக்குப் பருவமழைக் காலமான நவம்பர் முதல் மார்ச் வரை மீன் வரத்து குறைந்து, விலை ஏறும். செம்மண் சாலையும் அடிக்கடி சேறாகும். புரட்டாசியில் பெரும்பாலான வீடுகள் மரக்கறிக்கு மாறுவதால் காய்கறி லோரி முதல் லயத்திலேயே காலியாகிவிடும். அந்த மாதத்துக்குப் பயறு, கடலை, வத்தலைச் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள். நோன்புப் பெருநாளுக்கு ஓட்டுநர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சீனப் புத்தாண்டுக்கு மொத்த வியாபாரிகளும் கம்பத்துக் கடைகளும் சேர்ந்து பல நாட்கள் அடைத்துவிடுவதால், காய்கறியும் மீனும் மளிகையும் ஒரே வாரத்தில் நின்றுபோகும். அந்தப் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே ஆர்டரைக் கொடுத்து, பட்டியலைப் பதினான்கு நாளுக்குப் பதில் பதினெட்டு நாளுக்கு எழுதுங்கள்; முட்டைக்கோஸ் இரண்டு, மஞ்சள் பூசணி ஒன்று, முட்டை இன்னொரு தட்டு ஆகியவற்றைச் சேர்த்து, கடை மறுபடி திறக்கும் தேதியைத் தவுக்கேயிடம் கேட்டு அதே தாளின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள்.